லிப்த்ஸெ: ஓர் ஊரும் ஒரு நூலும்

ஊரின் பெயரால் நூல் விளங்குதல் உலகில் பெருவழக்கு. நூலாசிரியர் பெயரை ஊரே தாங்கி நிற்றல் அரிது. அத்தகையதோர் ஊரை ஈண்டு ஆராயப் புகுவோம்.

போலந்து நாட்டின் நடுப்பகுதியில், வூச் மாகாணத்தில், லிப்த்ஸெ என்னும் சிற்றூர் உளது. விளாடிஸ்லாவ் ரேமொன்ட் (1867–1925) என்பார் இளமையில் இதனருகே இருப்புப்பாதை ஊழியராய் இருந்தார். குடியானவர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு அவர் 1904 முதல் 1909 வரை வெளியிட்ட நாவலுக்கு இவ்வூரே நிலைக்களம். இலையுதிர் காலம், குளிர்காலம், இளவேனில், கோடை எனப் பருவங்களே அதன் நான்கு பாகங்களுக்கும் பெயராயின. இந்நூலின் பொருட்டு அவர் 1924-இல் நோபெல் பரிசு பெற்றார். 1983-இல் ஊரும் லிப்த்ஸெ ரேமொன்டொவ்ஸ்கியே எனப் பெயர் பெற்றது.

பல சிற்றூர்களை ஒன்றாய் இணைத்து ஆளும் அமைப்பு, அந்நாட்டில் கிமினா எனப்படும். ஹ்லெபூவ், ம்ஷாட்லா, ஷிச்சிஸ்கா முதலிய ஊர்கள் லிப்த்ஸெயின் கிமினாவில் அடங்கும்.

ரேமொன்ட் எழுதிய நாளில் அப்பகுதி ருஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. 1864-ஆம் ஆண்டுக் கட்டளைப்படி, மூன்று மோர்க் நிலமேனும் உடைய குடியானவர் கிமினாக் கூட்டத்தில் வாக்களிக்கலாம். நாவலில் அத்தகைய கூட்டமொன்று வருகின்றது. ஊரார் செலவில் பள்ளி நிறுவ இசையுமாறு அதிகாரிகள் கேட்கின்றனர், குடியானவரோ எதிர்க்கின்றனர். அவர்கள் கல்வியை வெறுத்தனரோ எனின், அன்று. அப்பள்ளியில் போதனை ருஷிய மொழியில் நிகழுமென்பதே காரணம். தம் மக்கள் தம் மொழியை இழத்தற்குத் தாமே பொருள் கொடுக்க எவர் உடன்படுவர்?

பிற்காலத்தும் இவ்வமைப்பு இடையூறுற்றது. 1954-இல் கிமினாக்கள் நீக்கப்பட்டன. 1973-இல் மீண்டும் தோன்றினவெனினும், உண்மைத் தன்னாட்சி 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே வாய்த்தது. அவ்வாண்டு மே 27-இல் மக்கள் தம் மன்றங்களைத் தேர்ந்தனர். நாட்டுப்புறக் கிமினாவின் தலைவர் வூய்ட் எனப்படுவர். 2002 முதல் அவரை மக்களே நேரே தேர்கின்றனர். சிற்றூர்தோறும் ஸொல்டிஸ் என்னும் ஊர்த்தலைவர் உளர்; அவரை ஊரவர் தெரிந்தெடுப்பர்.

இன்று தொடக்கப் பள்ளிகளை நடத்தும் கடமை கிமினாவுக்கே உரியது. போதனையும் போலிஷ் மொழியில் நிகழ்கின்றது. அன்று பள்ளி வேண்டாவென்று ஊரார் குரலெழுப்பிய அதே அமைப்பு, இன்று பள்ளியைப் பேணுகின்றது. மாறியது கல்வியின்மேல் மக்கள் கொண்ட விருப்பமன்று. அக்கல்வியை ஆளும் உரிமையே எனத் தெளிவோமாக.