வானில் மோதலைத் தவிர்க்க: கிளைடருக்கு எந்தக் கருவி?

இயந்திரம் இல்லாமல், மேலெழும் வெப்பக்காற்றை நம்பிப் பறக்கும் வானூர்தியே கிளைடர். அதன் வெண்ணிற உடலும் மெலிந்த இறக்கைகளும் நேரெதிரே வரும்போது ஒரு புள்ளியாகவே தெரியும். "பார்த்து விலகு" என்பதே அதன் விமானிகளின் முதல் விதி. அவ்விதி மட்டும் போதுமா?

ஒரு சிறு கணக்கு

இரு கிளைடர்கள் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால், இடைவெளி வினாடிக்கு 111 மீட்டர் குறையும். கண்டு, உணர்ந்து, விலகி முடிக்க 12.5 வினாடி தேவை என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தரும் அளவு. ஆக, ஏறத்தாழ 1,400 மீட்டர் தொலைவிலேயே அந்தப் புள்ளி கண்ணில் பட வேண்டும். இது எளிதன்று. எனவேதான் கருவியின் துணை தேவைப்படுகிறது.

எவை உள்ளன?

1. டிகாஸ்: பயணிகள் விமானங்களில் இருப்பது. எடை, விலை, மின்தேவை மூன்றும் அதிகம். ஒரே வெப்பக்காற்றில் பல கிளைடர்கள் நெருங்கி வட்டமிடும்போது ஓயாமல் எச்சரிக்கும். ஆகவே கிளைடருக்குப் பொருந்தாது.

2. டிரான்ஸ்பாண்டர்: ரேடாரும் டிகாஸும் கேட்கும் கேள்விக்குப் பதில் அனுப்பும். பெரிய விமானங்கள் நம்மைக் காண உதவும். ஆனால் அவற்றை நமக்குக் காட்டாது.

3. ஃபிளார்ம்: 2004இல் சுவிட்சர்லாந்தில் கிளைடர்களுக்கென்றே உருவானது. ஜிபிஎஸ் மூலம் தன் இடத்தையும், அடுத்த சில வினாடிகளில் செல்லக்கூடிய பாதையையும் கணித்து வானொலி அலையில் அறிவிக்கும். பாதைகள் மோதும் நிலை வந்தால் மட்டுமே எச்சரிக்கும். வட்டமிடும் பறப்பும் அக்கணக்கில் அடங்கும். ஆனால் எதிரே வருபவரிடமும் ஃபிளார்ம் இருக்க வேண்டும். பின்னர் வந்த பவர்ஃபிளார்ம், டிரான்ஸ்பாண்டர் சைகைகளையும் பெறவல்லது.

மிண்டன் தந்த பாடம்

2006 ஆகஸ்டு 28ஆம் நாள், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மிண்டன் அருகே, சுமார் 16,000 அடி உயரத்தில் ஹாக்கர் 800எக்ஸ்பி ஜெட்டும் ஒரு கிளைடரும் மோதின. கிளைடர் விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார்; ஜெட் சக்கரங்கள் இறங்காமலேயே தரையிறங்கியது. நல்வாய்ப்பாக எவரும் இறக்கவில்லை. அந்தக் கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. ஆனால் வானொலித் தொடர்புக்கு மின்கலத்தைச் சேமிக்க வேண்டி, விமானி அதனை இயக்கவில்லை!

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில், நம் வானில் யாரைச் சந்திக்கிறோம் என்று கேட்க வேண்டும். மலைச்சரிவில் பிற கிளைடர்கள் என்றால் ஃபிளார்ம். ஜெட் பாதைக்கு அருகில் என்றால் டிரான்ஸ்பாண்டர். இரண்டும் என்றால் இரண்டுமே.

அடுத்து மின்சாரம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்திலிருந்து எல்லாக் கருவிகளும் சேர்ந்து 1 ஆம்பியர் எடுத்தால், கணக்குப்படி 7 மணி நேரம் வரும். குளிரிலும் பழைய மின்கலத்திலும் அது குறையும். பற்றாக்குறை என்றால், கருவியை அணைப்பதற்குப் பதில் மின்கலத்தைக் கூட்டுவதே முறை.

மூன்றாவது, பொருத்தும் இடம். கார்பன் இழை உடல் வானொலி அலையை மறைக்கும்; ஆகவே ஆண்டெனாவின் இடத்தைச் சோதிக்க வேண்டும். திரை, விமானி தலை குனியாமல் பார்க்கும் உயரத்தில் இருக்க வேண்டும். ஃபிளார்மின் மென்பொருளை ஆண்டுதோறும் புதுப்பிப்பதும் அவசியம்.

பொறியியல் பயிலும் மாணவ நண்பர்கள் இதில் ஒன்றைக் கவனிக்கலாம். மிண்டனில் குறைவாக இருந்தது கருவியன்று, அதனை இயக்கத் துணியும் அளவுக்கு மின்கலத்தின் மீதான நம்பிக்கை. கருவியை வாங்கும் முன் அதற்கான மின்கலத்தைக் கணக்கிடுவோம். வாங்கிய பின்னும் கண்ணை வெளியிலேயே வைப்போம்.