முள்ளில்லாக் கள்ளி நடுமுன் வெள்ளைப் பூச்சியை அறிவீர்

சித்திரை, வைகாசியில் அச்சரப்பாக்கம் வட்டாரத்து மேய்ச்சல் கரம்பெல்லாம் காய்ந்த பிறகும் பசுமையாக நிற்பது கள்ளி. மற்றப் பயிர்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து நீரை இழக்கின்றன. கள்ளியோ இரவில்தான் திறக்கிறது. ஆகவே சொற்ப நீரில் வாழ்கிறது. முள்ளில்லாச் சப்பாத்திக் கள்ளியைத் தீவனமாக வளர்க்கலாமா? வளர்க்கலாம். ஆனால் ஒரு பழைய செய்தியை முதலில் அறிய வேண்டும்.

நண்பனே பகைவன்

சப்பாத்திக் கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1795இல் சிவப்புச் சாயம் தரும் பூச்சி என்று தவறாகக் கருதிப் பிரேசிலிலிருந்து வேறோர் இனத்தைக் கொண்டுவந்தனர். நல்ல சாயம் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு வகைக் கள்ளியை அது அழித்தது. அது தொடாத இன்னொரு வகை, தென்னிந்தியாவில் புறம்போக்கையும் வயலோரத்தையும் அடைத்தது. 1926இல் இலங்கையிலிருந்து அதற்குரிய பூச்சி வந்தது. சில ஆண்டுகளில் கள்ளிக்காடுகள் மடிந்தன. இந்தப் பூச்சியினம் முள்ளில்லாக் கள்ளியையும் விடாது. மொராக்கோ நாட்டில் 2014இல் தோன்றி, கள்ளித் தோட்டங்களைப் பாழாக்கியது.

கண்டறிவது எப்படி?

அருகிலுள்ள வேலிக் கள்ளியைப் பாருங்கள். மட்டையில் பஞ்சு போன்ற வெள்ளைப் படலம் இருந்தால் நசுக்குங்கள். இரத்தச் சிவப்பாகச் சாறு வந்தால் அதுவே இப்பூச்சி. இதன் இளங்குஞ்சுகள் காற்றில் பரவும். ஆகவே அங்கே நடாதீர்கள். தோட்டத்தில் கண்டால் அந்த மட்டைகளை வெட்டி ஆழப் புதைத்து, மற்றவற்றைச் சோப்புக் கரைசலால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

நடவு

முதிர்ந்த, பூச்சியற்ற மட்டையை வெட்டி, காயம் ஆற 2 முதல் 3 வாரம் நிழலில் வையுங்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு நடுங்கள். ஏரிக்கீழ்க் களிமண் ஆகாது. வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கினால் அடி அழுகிவிடும். மேட்டுப்பாங்கான செம்மண், சரளை நிலம் ஏற்றது.

தீவனம்

மட்டையில் பெரும்பகுதி நீர், புரதம் குறைவு. தனியே கொடுத்தால் கழிச்சல் உண்டாகும். துண்டாக்கி வைக்கோலுடன் கலந்து, சிறிதளவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். நிலக்கடலைக் கொடியோ அகத்தித் தழையோ சேர்த்தால் புரதக் குறை தீரும். நுண்முள் இருக்கக்கூடும்; கையுறை அணிந்து வெட்டுங்கள்.

முதல் ஆண்டு பத்து மட்டை மட்டும் நட்டு, வாரம் ஒருமுறை பார்வையிடுங்கள். ஓராண்டு பூச்சியின்றி நின்றால் பரப்பைப் பெருக்கலாம்.