ஸ்மார்ட் சுவிட்ச் வாங்குமுன் போர்டைத் திறந்து பாருங்கள்

எங்கள் கவரைப்பேட்டையில் ஒரே தெருவில் மூன்று வேளையில் விடியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இரவு ஷிப்ட் போனவர் காலையில் வந்து படுப்பார். பக்கத்து வீட்டுக்காரர் அந்நேரம் சென்ட்ரல் ரயிலைப் பிடிக்க ஓடுவார். வீட்டில் வயதானவர்களும் பிள்ளைகளும் தனியாக இருக்கும் இரவுகளில் வாசல் விளக்கு தானாக எரிந்தால் மனதுக்குத் தெம்பு. ஸ்மார்ட் சுவிட்சை நாடுவதற்கு இங்கே இதுதான் முதல் காரணம். ஆனால் பலரும் செல்போனில் படத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, மாட்டும்போதுதான் முழிக்கிறார்கள். வாங்குமுன் கவனிக்க வேண்டியவை இவை.

1. முதல் கேள்வி நியூட்ரல். சாதாரண சுவிட்ச் ஃபேஸ் ஒயரை மட்டும் வெட்டி இணைக்கும். அதற்கு நியூட்ரல் வேண்டாம். ஸ்மார்ட் சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் இருபத்து நாலு மணி நேரமும் விழித்திருக்க வேண்டும் என்பதால் அதற்கு நியூட்ரலும் தேவை. பிளக் பாயின்ட் இருக்கிற போர்டில் நியூட்ரல் வந்தே இருக்கும். மாடிப்படி டூ-வே சுவிட்ச், வாசலில் தனியாக நிற்கும் ஒற்றைச் சுவிட்ச் இவற்றில் பெரும்பாலும் இருக்காது.

'நியூட்ரல் தேவையில்லை' என்று விற்கும் சுவிட்சுகளும் உண்டு. அவை தமக்கு வேண்டிய துளி மின்சாரத்தைப் பல்பு வழியாகவே இழுத்துக்கொள்ளும். பழைய 60 வாட் குண்டு பல்புக்கு அது உறைக்காது. 9 வாட் எல்.இ.டி.க்கு உறைக்கும். எங்கள் மாடிப்படியில் அப்படி ஒன்றை மாட்டினோம். அணைத்த பிறகும் பல்பு மின்மினிப் பூச்சி போல மினுக் மினுக்கென்று எரிந்தது. பல்புக்குக் குறுக்கே ஒரு சின்ன கெப்பாசிட்டர் போட்டதும் நின்றது. புது வீடு கட்டுகிறவர்கள் பைப் போடும்போதே எல்லா போர்டுக்கும் ஒரு நியூட்ரல் இழுத்துவிடச் சொல்லுங்கள். பூசிய சுவரை உடைப்பதோடு பார்த்தால் அந்த ஒயரின் விலை ஒன்றுமில்லை.

2. போர்டைத் திறக்குமுன் மெயினை அணைத்தால் மட்டும் போதாது, இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானாக எழுந்து அதே பாயின்ட்டுக்கு 230 வோல்ட் அனுப்பும். இதை மறந்து கை வைப்பது உயிருக்கு ஆபத்து. டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே ஒயரைத் தொட வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் தாமே செய்யாமல், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

3. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீடா? ஹால் போர்டு ஒரு ஃபேஸிலும் பெட்ரூம் போர்டு வேறு ஃபேஸிலும் இருக்கும். ஒரே பாக்ஸுக்குள் இரண்டு ஃபேஸ் வந்தால் அவற்றுக்கு இடையே 400 வோல்ட் இருக்கும். நாலு சுவிட்சையும் இயக்கும் ஒரே ஸ்மார்ட் மாடியூலை அங்கே மாட்டினால் கருகிவிடும். வீட்டு மின்சாரமும் இன்வெர்ட்டர் மின்சாரமும் சேர்ந்து வரும் போர்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

4. ஆம்ப்ஸைப் பார்த்து வாங்குங்கள். லைட், ஃபேனுக்கு 6 ஆம்ப்ஸ் போதும். 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்ப்ஸ் இழுக்கும். அதற்கு 16 ஆம்ப்ஸ் சுவிட்ச்தான். தண்ணீர் மோட்டாரை நேராக ஸ்மார்ட் சுவிட்சில் கொடுக்கவே கூடாது. கிளம்பும் நொடியில் அது வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுப்பதால், உள்ளே இருக்கும் ரிலே ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடும். நடுவில் மோட்டார் சுமையைத் தாங்கும் கான்டாக்டர் போட்டு, அதை மட்டும் ஸ்மார்ட் சுவிட்ச் இயக்கட்டும். ஹால் சீலிங்கில் பத்துப் பன்னிரண்டு எல்.இ.டி. பேனல் லைட் வைத்திருப்பவர்களும் அத்தனையையும் ஒரே ரிலேயில் கோக்காமல் இரண்டாகப் பிரிப்பது நல்லது.

5. ஃபேனுக்குத் தனி மாடியூல் உண்டு. லைட்டின் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மரில் ஃபேனை ஓட்டினால் 'ம்ம்' என்று இரையும், சூடாகும். கெப்பாசிட்டர் வைத்த, நாலைந்து படி வேகம் உள்ள ஃபேன் மாடியூலைக் கேட்டு வாங்குங்கள். ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் ரெகுலேட்டரே வேண்டாம். வெறும் ஆன்-ஆஃப் கொடுத்தால் போதும்.

6. கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்று கடைக்காரரிடம் அவசியம் கேளுங்கள். சில சுவிட்சுகள் மின்சாரம் திரும்பியதும் எல்லா விளக்கையும் போட்டுவிடும். மழைக்காலத்தில் ஓர் இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தபோது எங்கள் வீடு முழுக்கக் கல்யாண வீடு போல வெளிச்சமாகி, அம்மா பதறி எழுந்துவிட்டார். 'முன்பு இருந்த நிலைக்கே திரும்பு' என்ற வசதி செட்டிங்கில் இருக்க வேண்டும். அது இல்லாத சுவிட்சை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

7. இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்கிறதா? புயல், மழை என்றால் கேபிள் முதலில் அறுந்துவிடும். வீட்டு ரவுட்டர் வழியாகவே செல்போனும் சுவிட்சும் பேசிக்கொள்ளும் வகை நல்லது. ஏறக்குறைய எல்லா வைஃபை சுவிட்சுகளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில்தான் சேரும். 5 ஜிகாஹெர்ட்ஸில் தேடிக்கொண்டே இருந்தால் கிடைக்காது. ரவுட்டரையும் இன்வெர்ட்டர் பாயின்ட்டில் வையுங்கள். சுவரில் பதித்த இரும்பு பாக்ஸ் சிக்னலை மறைக்கும். கடைசி அறையில் செல்போனை போர்டுக்குப் பக்கத்தில் வைத்து வைஃபை எத்தனை கோடு காட்டுகிறது என்று முன்னரே பாருங்கள். இருபது, முப்பது சுவிட்ச் போடும் எண்ணம் இருந்தால் வைஃபையை நம்பாமல் ஜிக்பீ என்ற வேறு வயர்லெஸ் வகைக்குப் போகலாம். 2022-இல் வந்த 'மேட்டர்' என்ற பொதுத் தர முத்திரை இருந்தால் ஒரு கம்பெனி சுவிட்சை இன்னொரு கம்பெனி ஆப்பிலும் சேர்க்க முடியும்.

8. கையால் போடும் சுவிட்ச் கட்டாயம் இருக்கட்டும். கண்ணாடி டச் பேனல் அழகுதான். ஆனால் பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வருகிறவருக்கும், இருட்டில் தடவிப் பார்த்துப் போடும் பாட்டிக்கும் அது ஒத்துவராது. பழைய சுவிட்சை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பின்னால் மறைத்து வைக்கும் சின்ன மாடியூல்தான் என் தேர்வு. செல்போன் இல்லாதவரும் 'டக்'கென்று போடலாம், ஆப்பிலும் போடலாம். போர்டுக்குப் பின்னால் கையளவு இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒயர் திணித்த பாக்ஸில் மாடியூலையும் அழுத்தி மூடினால் சூடேறும். போர்டுக்குள் ஒயர் வரும் பைப் வாயில் எறும்பு புகாதபடி அடைப்பதும் நல்லது. சாதாரண சுவிட்சுகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 3854 என்ற எண்ணும் இருக்க வேண்டும்.

9. வாசல் விளக்குக்கு 'ஆறு மணி' என்று நேரம் குறிக்காதீர்கள். நம் பக்கம் நவம்பர் கடைசியில் 5.40-க்கே பொழுது சாயும், ஜூலையில் 6.40 ஆகும். ஆப்பில் 'சூரிய அஸ்தமனம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வருஷம் முழுக்கத் தானே மாறிக்கொள்ளும்.

10. கரண்ட் பில் குறையும் என்று நம்பி லைட்டுக்கு மட்டும் போடாதீர்கள். ஒரு மாடியூல் சும்மா இருக்கும்போது ஒரு வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்து மாடியூல் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேல் தின்னும். மறந்து தினமும் ஆறு மணி நேரம் எரியும் ஒரு 9 வாட் பல்பு அதே காலத்தில் எடுப்பது மூன்று யூனிட் சொச்சம்தான். இலவச யூனிட் அளவை ஒட்டி பில் வரும் வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம். 75 வாட் ஃபேன் ஆளில்லாத அறையில் தினமும் நாலு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். ஆகவே ஃபேனுக்கும் கீசருக்கும் போட்டால் மிச்சமாகும்.

11. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கழற்றிய பழைய பாகங்களைப் பத்திரமாக வையுங்கள். காலி செய்யும்போது மாடியூல்களை எடுத்துச் செல்லலாம். விட்டுவிட்டுப் போவதானால் ஆப்பிலிருந்து நீக்கி ரீசெட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் வீட்டு விளக்கு உங்கள் செல்போனில் இருக்கும்.

12. ஒரே நாளில் வீடு முழுக்க மாற்ற வேண்டாம். வாசல் விளக்கில் ஒன்றை மாட்டி, இரண்டு மாதம் பாருங்கள். அதற்கும் முன்னால், அந்த போர்டைத் திறக்கச் சொல்லி நியூட்ரல் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். விலையை அப்புறம் விசாரிக்கலாம்.