அடோபோ சமைக்கப் போகும் யாழினிக்கு

அன்புள்ள யாழினிக்கு,

பிலிப்பைன்ஸின் தாவாவோவில் விடுதியை விட்டுத் தனி வீடு பார்த்துக் குடியேறிவிட்டாய் என்று அக்கா சொன்னாள். அங்கே தினமும் சாப்பிடும் அடோபோவை உன் கையால் செய்து பார்க்க ஆசை என்றும், அதற்கு என்ன மசாலா வாங்க வேண்டும் என்றும் கேட்டு எழுதியிருந்தாய். மசாலா எதுவும் வேண்டாம். நல்ல வினிகர் வாங்கு. அதைப் பக்குவமாகக் கொதிக்கவைக்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானே வந்துவிடும்.

கறுத்துப் பளபளக்கும் சாற்றைப் பார்த்துவிட்டு, இது சோயா சாஸ் குழம்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சோயா சாஸ் சீன வணிகர்கள் வழியே வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு வினிகரும் உப்பும்தான் இருந்தன. ஆண்டு முழுக்க வெயிலும் ஈரமும் விடாத அந்தத் தீவுகளில், அறுத்த இறைச்சியை இரண்டு நாள் காப்பாற்றுவதே பெரும்பாடு. புளிப்பு ஏறிய இடத்தில் கிருமி பெருகாது என்பதை மருத்துவம் படிக்கும் உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்பானியர் 1565இல் வந்து குடியேறியபோது இந்தச் சமையல் அங்கே ஏற்கெனவே இருந்தது. தங்கள் நாட்டில் இறைச்சியை ஊறவைக்கும் முறையின் பெயரை இதற்கும் வைத்துவிட்டார்கள். 1613இல் அச்சான சான் புவேனவெந்தூரா பாதிரியாரின் தகலோக் அகராதியில் இந்தப் பெயர் இருக்கிறது. சோயா சாஸ் சேர்க்காத வெள்ளை அடோபோவை இன்றும் பல வீடுகளில் செய்கிறார்கள். விசயத் தீவுகளில் சாறு வற்றி உலர்ந்த பதத்தில் அதைப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பங்கெரோஹான் சந்தைக்குப் போ. தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த வினிகர் உங்கள் மிந்தனாவோவில் தாராளமாகக் கிடைக்கும். வடக்கே இலோகோஸ் பகுதியில் கரும்புச் சாற்றிலும், மணிலாவுக்கு வடக்கே புலாகானில் உள்ள பாவோம்போங்கில் நீப்பனைக் கள்ளிலும் எடுக்கிறார்கள். மூன்றும் மூன்று ருசி. கள்ளு வினிகரில் லேசாகப் பழவாடை இருக்கும். மூக்கைக் குத்தினாலும் நாக்கில் முரட்டுத்தனம் தெரியாது. ஒன்றைக் கவனித்துக்கொள்: மிளகாயும் பூண்டும் இஞ்சியும் மிதக்கும் பாட்டில்களும் அங்கேயே வரிசையாக இருக்கும். அவை பொரித்த மீனுக்கும் சுட்ட கறிக்கும் தொட்டுக்கொள்வதற்கு. அடோபோவுக்கு எதுவும் போடாத வெறும் வினிகரைக் கேட்டு வாங்கு.

அடுத்தது இலை. உன் அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய பிரிஞ்சி இலையை இதில் போட்டுவிடாதே. நம் இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசம் அடிக்கும். அவர்கள் லாரெல் என்று சொல்வது வேறு மரத்தின் இலை. அதில் நடுவே ஒரே நரம்பு, மணமும் மெல்லியது. சந்தையில் சின்னப் பொட்டலமாகக் கட்டி விற்பார்கள்.

இறைச்சிக்குப் பன்றியின் வயிற்றுப் பகுதியும் கோழியும் கலந்து போடுவது பல வீடுகளின் வழக்கம். பன்றிக் கொழுப்பு சாற்றுக்கு வழவழப்பைத் தரும். நீ பன்றி சாப்பிடுவதில்லை என்பதால் கோழித் தொடையை எலும்போடும் தோலோடும் வாங்கிக்கொள். நெஞ்சுக்கறி வேண்டாம். அது சாறு வற்றும் முன்பே நார் நாராக உலர்ந்துவிடும். மேலும் அலுமினியச் சட்டியில் இதைச் சமைக்காதே. புளிப்பு அதை அரித்து, சாற்றில் உலோக வாடையை ஏற்றிவிடும். எவர்சில்வர் போதும். மண்சட்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒரு கிலோ கோழிக்கு அரை கப் வினிகர், மூன்றில் ஒரு பங்கு கப் சோயா சாஸ், ஒரு முழுப் பூண்டு, ஒரு தேக்கரண்டி முழு மிளகு, மூன்று இலை, ஒரு கப் தண்ணீர். உப்பை இப்போது தொடாதே. சோயா சாஸில் உள்ள உப்பே சாறு வற்ற வற்ற ஏறிக்கொண்டு வரும். பூண்டை நறுக்காமல் கத்தியின் அகலப் பக்கத்தால் நசுக்கு. கோழியைச் சோயா சாஸ், பூண்டு, மிளகோடு பிசறி அரை மணி நேரம் வை. பிறகு எல்லாவற்றையும் சட்டியில் சேர்த்து, வினிகரும் தண்ணீரும் ஊற்றி அடுப்பில் ஏற்று.

இனிதான் கவனம் வேண்டும். வினிகர் ஊற்றிய பிறகு நன்றாகக் கொதி வந்து சில நிமிடம் ஆகும்வரை கிளறக் கூடாது, மூடவும் கூடாது. கேசோன் சிட்டியில் நான் இருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா, நான் கரண்டியை எடுத்தாலே கையைப் பிடித்துவிடுவார். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாலும் வாடையை வைத்தே சட்டியின் நிலையைச் சொல்வார். முதலில் கண்ணில் நீர் வரவைக்கும் நெடி எழும். பிறகு அது மெல்லத் தணிந்து, பூண்டு வாசனை மேலே வரும். அந்த மாற்றம் வந்த பிறகுதான் கரண்டிக்கு அனுமதி. கிளறினால் வினிகர் பச்சையாகவே நின்றுவிடும் என்பது அங்கே வீட்டுக்கு வீடு சொல்லும் விதி. திறந்து கொதிக்கும்போது நெடி ஆவியோடு போவது கண்கூடு. கிளறாமல் இருப்பது கொதி தணியாமல் காப்பதற்காக என்று நான் புரிந்துகொண்டேன். காரணம் எதுவானாலும் விதியைப் பின்பற்று, பலன் நாக்கில் தெரியும்.

நெடி அடங்கியதும் தீயைக் குறைத்து, பாதி மூடி, வேகவிடு. கோழிக்கு அரை மணி நேரம். பன்றிக்கறி என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகும். கறி வெந்ததும் துண்டுகளைத் தனியே எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் வற்றவிடு. பெரிய பெரிய குமிழிகளாகக் கொதித்தது, கெட்டியாக ஆக ஆகச் சின்னக் குமிழிகளாக மாறி, சத்தமும் கனத்துவிடும். ஓரத்தில் எண்ணெய் தெளிந்து பிரியும். பூண்டு உருவம் தெரியாமல் கரைந்து, கரண்டியின் முதுகில் சாறு ஒட்டி நிற்கும். இதற்கிடையில் இன்னொரு சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கோழித் துண்டுகளைத் தோல் சிவக்கப் புரட்டி எடுத்து, சாற்றில் போட்டு ஒரு கொதி விடு. புரட்டுவதைச் சிலர் முதலிலேயே செய்வார்கள். கடைசியில் புரட்டினால் தோலின் மொறுமொறுப்பும் சாற்றின் புளிப்பும் ஒரே வாயில் கிடைக்கும், எனக்கு அதுதான் பிடித்தம். உப்பு போதுமா என்று இப்போது பார். சர்க்கரை போடும் வீடுகளும் உண்டு. நல்ல வினிகர் இருந்தால் அது தேவைப்படாது.

வெறும் சோறு வடித்து, மேலே இந்தச் சாற்றை ஊற்றிச் சாப்பிடு. ஆனால் ஒரு பங்கைக் கட்டாயம் எடுத்துவை. மறுநாள் ருசி கூடும். பழைய சோற்றைப் பூண்டோடு வதக்கி, மீந்த கறியைப் பிய்த்துப் போட்டுக் கிளறினால் கல்லூரிக்குப் போகும் முன் அருமையான காலைச் சாப்பாடு. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் இதை வெளியிலேயே வைத்திருந்தார்கள் என்று யாராவது சொன்னாலும், நீ ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

நான் சொன்னது ஒரு வழி, அவ்வளவுதான். பிகோல் பகுதியில் தேங்காய்ப்பால் ஊற்றி, காந்தாரி போன்ற சின்ன மிளகாயைச் சேர்ப்பார்கள். பதங்காஸில் மஞ்சள் போடுவார்கள். கணவாயை அதன் மையோடும், வள்ளைக்கீரையைத் தண்டோடும் இதே முறையில் சமைப்பார்கள். 2021இல் அந்நாட்டு வர்த்தக, தொழில் துறை அடோபோவுக்குத் தரநிலை வகுக்கப்போவதாக அறிவித்ததும் ஊரே கொதித்தெழுந்தது. வெளிநாட்டில் அறிமுகப்படுத்துவதற்காக மட்டுமே அது, வீட்டுச் சமையலைக் கட்டுப்படுத்தாது என்று துறை விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. மக்கள் கோபப்பட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்ற கைப்பக்குவத்தை ஒரு தாளில் அடக்கிவிட முடியாது.

அதனால்தான் கண்ணு, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நம் கறிமசாலாவையும் தக்காளியையும் சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று உனக்குத் தோன்றும். தோன்றினாலும் முதலில் நாலைந்து தடவை அவர்கள் செய்வது போலவே செய்து பார். அந்தப் புளிப்புக்கு நாக்கு பழகட்டும். உன் வீட்டுக்காரம்மா எப்படிச் செய்கிறார் என்று கேட்டு, அவர் அடுப்பருகே ஒரு தடவை நின்று பார். நான் எழுதியதும் அவர் சொல்வதும் முரண்பட்டால் அவர் சொல்வதையே கேள். செய்து முடித்ததும் எந்த வினிகர் வாங்கினாய், நெடி அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தி