சொந்தத் தோட்டத்தில் அடக்கம் செய்யலாமா?

கேள்வி: சில மாதங்களுக்கு முன் காலமான எங்கள் அப்பாவைத் தோட்டத்தில் தாத்தாவின் சமாதிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். தாத்தாவை அங்கே அடக்கம் செய்தது 1974இல். இப்போது பக்கத்துத் தோட்டக்காரர், தன் குடிநீர்க் கிணறு அருகில் இருக்கிறது என்று மனு கொடுத்துவிட்டார். உடலை ஏன் அப்புறப்படுத்தக் கூடாது என்று ஊராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. பட்டா எங்கள் பெயரில்தான் இருக்கிறது. ஊர் மயானத்துக்கோ பாதையே இல்லை. சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அப்பாவைத் தோண்டி எடுக்க வேண்டியதுதானா?
- வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: பட்டா இருப்பதாலேயே அந்த நிலத்தில் அடக்கம் செய்யும் உரிமை வந்துவிடாது. கிராம ஊராட்சிகளின் இடுகாடு, சுடுகாடு பற்றிய 1999ஆம் ஆண்டு விதிகளில் 7ஆம் விதியைப் பாருங்கள். குடியிருப்பிலிருந்தோ குடிநீர் ஆதாரத்திலிருந்தோ 90 மீட்டருக்குள், உரிமம் பெற்ற மயானம் தவிர வேறெங்கும் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்கிறது அது. 90 மீட்டரைத் தாண்டிவிட்டால் எங்கு வேண்டுமானாலும் புதைக்கலாம் என்று இதற்குப் பொருள் சொன்னவர்களும் உண்டு. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ஏற்கவில்லை. மயானமாக ஒதுக்கப்படாத இடத்தில் உரிமம் இல்லாமல் அடக்கம் செய்ய முடியாது என்பதே இன்றைய நிலை.

தாத்தாவின் சமாதி மட்டும் அந்த இடத்தை மயானமாக்கிவிடாது. குடும்ப அடக்க இடமாக ஊராட்சியில் எப்போதாவது பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பழைய காகிதங்களைத் தேடுங்கள். பதிவு இருந்தால் உங்கள் வழக்கின் முகமே மாறும். இல்லையென்றால், உடலை எடுத்து ஊர் மயானத்தில் அடக்கம் செய்ய உத்தரவு வரக்கூடும் என்பதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். நோட்டீஸுக்குப் பயந்து நீங்களாகத் தோண்ட வேண்டாம். அதிகாரியின் எழுத்துபூர்வமான உத்தரவோடு, அவர்கள் முன்னிலையில்தான் அது நடக்க வேண்டும். மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பக்கத்துக்காரர் சமாதியில் கை வைத்தால், பாரதிய நியாய சன்ஹிதா 301ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கிணற்றுக்கும் சமாதிக்கும் உள்ள தூரத்தைச் சர்வேயரை வைத்து அளந்து, அந்த வரைபடத்தைப் பதிலோடு இணையுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்தப் பாதையில்லாத மயானம்தான். ஊர் மயானத்துக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்துகிறது என்றால், அங்கே போய்ச் சேர வழி செய்ய வேண்டியது ஊராட்சியின் கடமை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 110ஆம் பிரிவு, மயானம் அமைத்துப் பராமரிப்பதை ஊராட்சியின் கட்டாயக் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மயானப் புறம்போக்கை ஊராட்சியின் பொறுப்பில் விடுகிறது 134ஆம் பிரிவு. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். மயானத்தின் பரப்பும், வண்டிப்பாதை இருந்ததா என்பதும் அதில் தெரியும். பாதையை யாராவது உழுது சேர்த்துக்கொண்டிருந்தால், 1905ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தார் மீட்டுத் தர முடியும்.

பாதை இல்லாத மயானம் சிறு விஷயமில்லை. 2019இல் வாணியம்பாடி அருகே, வழி மறிக்கப்பட்ட தலித் குடும்பத்தார் இறந்தவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். உயர் நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து விசாரித்தது. 2021இல் அதே நீதிமன்றம், சாதிப் பெயர் தாங்கிய மயானப் பலகைகளை அகற்றி எல்லோருக்கும் பொதுவான மயானம் ஏற்படுத்தச் சொன்னது. உங்கள் ஊர் மயானத்தில் எல்லோருக்கும் இடம் கிடைக்கிறதா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பதவியில் இல்லையென்றால் தனி அலுவலருக்கு எழுதுங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். நோட்டீஸுக்கான பதில், பாதை கோரும் மனு இரண்டையும் ஒரே நாளில் கொடுத்து, தனித்தனியாக ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கெடு தேதி தாண்டிவிட வேண்டாம்.