தாம்பரத்திலிருந்து கோத்தகிரிக்குக் குடிபோகும் முன்…

சென்னைப் புறநகரின் நெரிசலை விட்டு நீலகிரிப் பக்கம் குடியேற நினைக்கிறீர்களா? ஏப்ரல், மே மாதத்துக் குளுமையைப் பார்த்து வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். முதலில் வாடகைக்கு எடுத்து, அக்டோபர், நவம்பர் இரண்டையும் கடந்து பாருங்கள். வீட்டின் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவர் உப்பியிருக்கிறதா, மழைநீர் வடிய அதில் துளை விட்டிருக்கிறார்களா, புது பெயின்ட்டுக்கு அடியில் ஓதம் ஏறுகிறதா என்பதெல்லாம் அடைமழையில்தான் தெரியும்.

ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது; குக்கர் கட்டாயம். இட்லி மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வையுங்கள். இல்லாவிட்டால் விடிந்தாலும் பொங்காது. குளிரில் உறைந்துவிடும் தேங்காய் எண்ணெயை அகல வாய் டப்பாவில் ஊற்றி வைப்பது நல்லது.

கரடியும் காட்டெருமையும் ஊருக்குள் வரும். சாப்பாட்டு மிச்சத்தை வெளியே போடாதீர்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கூடுதலாக இரண்டு கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கும் இந்தக் கரி அடுப்பு எச்சரிக்கையை மறக்காமல் சொல்லுங்கள்.