சுண்ணக்கட்டித் தொழிலகம்

ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டியை அறியாத மாணவர் இலர். சாக்பீஸ் என்று பலரும் வழங்கும் அச்சிறு பொருளைச் செய்வோர் யாவர் என எண்ணிப் பார்த்தவரோ மிகச் சிலர். ஜப்பான் நாட்டில், டோக்கியோ மாநகரை அடுத்த கவாசாக்கி என்னும் நகரில், சுண்ணக்கட்டித் தொழிலகம் ஒன்று உளது. நிஹோன் ரிகாகாக்கு என்பது அதனை நடத்தும் நிறுவனத்தின் பெயர். அந்நிறுவனம் 1937ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அங்குப் பணிபுரிவோருள் நூற்றுக்கு எழுபதின்மருக்கு மேற்பட்டோர் அறிவு வளர்ச்சியில் குறைபாடு உடையோர். எழுத்தும் எண்ணும் எளிதிற் கைவராத அம்மக்கள் செய்த கட்டிகளைக் கொண்டே, ஜப்பானியப் பள்ளிகள் பலவற்றில் எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்படுகின்றன.

அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்பது பிறவியிலோ இளமையிலோ நேர்வது. அஃது உடையோர்க்குப் புதியதொன்றைக் கற்றல், நினைவிற் கொள்ளல், காலத்தையும் தொகையையும் கணக்கிடல் முதலியன அரியவாம். ஆயினும் எல்லார்க்கும் ஒரே அளவின் அன்று. ஒருவர்க்கு எளிதாவது மற்றொருவர்க்கு அரிதாகும். அவர்களுக்கெனத் தனிப் பள்ளிகள் பல நாடுகளில் உள்ளன. பள்ளியில் இருக்குமளவும் ஆசிரியர் துணை உண்டு, தோழர் கூட்டம் உண்டு, நாள்தோறும் புறப்பட்டுச் செல்ல ஓரிடமும் உண்டு. பள்ளிப் படிப்பு முடியும் நாளில் இவை யாவும் ஒருசேர நின்றுவிடுகின்றன. மற்றை மாணவர்க்கு உலகம் திறக்கும் அந்நாள், இவர்களிற் பலர்க்கு அது மூடும் நாளாகிவிடுவதுண்டு.

1959ஆம் ஆண்டில் டோக்கியோவிலுள்ள அத்தகைய பள்ளியொன்றன் ஆசிரியர், அந்நாளில் அந்நகரிலேயே இருந்த இத்தொழிலகத்திற்கு வந்தார். தம் மாணவியர் இருவர்க்கு வேலை தருமாறு வேண்டினார். தந்தையார் நிறுவிய அத்தொழிலை அப்போது கவனித்து வந்தவர் யாசுஹிரோ ஓயாமா என்னும் இளைஞர். அவர் இயலாது என மறுத்தார். ஆசிரியர் மீண்டும் வந்தார். மீண்டும் மறுமொழி அதுவே. ஓயாமா வன்னெஞ்சர் அல்லர். ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொண்டால் அவர் வாழ்நாட் பொறுப்பைத் தாம் ஏற்றல் வேண்டுமே என்று அஞ்சினார், அவ்வளவே.

மூன்றாம் முறை வந்த ஆசிரியர் வேலை வேண்டும் என்று கேட்டிலர். பள்ளியை விட்டபின் அப்பெண்கள் தொலைவிலுள்ள காப்பகத்திற்கு அனுப்பப்படுவர் என்றும், வேலை செய்தல் என்றால் இன்னது என அறியாமலே அவர்கள் வாழ்நாள் கழிந்துவிடும் என்றும், சின்னாளேனும் வேலை செய்து பார்க்க இடந்தருதல் வேண்டும் என்றும் கூறினார். வேண்டுகோள் இவ்வளவு சிறிதாகியபின் ஓயாமாவால் மறுக்க இயலவில்லை. இரண்டு வாரங்களுக்கு இசைந்தார்.

அவ்விரு சிறுமியரும் வந்தனர். சுண்ணக்கட்டிப் பெட்டிகளின்மேல் சீட்டு ஒட்டுவதே அவர்களுக்குத் தரப்பெற்ற வேலை. நண்பகல் மணி அடித்ததும் அறியாராய், பிறர் வந்து தோளைத் தொட்டுச் சொல்லுமளவும் அவர்கள் குனிந்த தலை நிமிராது ஒட்டிக்கொண்டிருந்தனர். காலையிற் கதவு திறக்குமுன்பே வந்து வாயிலில் நிற்பர். இரண்டு வாரம் கழிந்தது. இறுதி நாளன்று தொழிலாளர் பலர் ஒன்றாகத் திரண்டு ஓயாமாவைச் சூழ்ந்துகொண்டு, இவ்விருவரையும் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், அவர்களால் இயலாதவற்றைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகவும் கூறினர். முதலாளி அஞ்சிய பொறுப்பை உடன் உழைப்போர் வலிய வந்து ஏற்றனர். 1960ஆம் ஆண்டில் இருவரும் முறைப்படி பணியில் அமர்ந்தனர். உடற்குறை உடையோர்க்கு வேலை தருதல் பற்றிய சட்டம் ஜப்பானில் இயற்றப்பெற்றதும் அவ்வாண்டிலேதான். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோரையும் வேலைக்குக் கொள்ளுதல் அந்நாட்டு நிறுவனங்களின் கடமை என்று ஆனதோ 1998ஆம் ஆண்டில். இத்தொழிலகத்தார் சட்டத்திற்கு ஏறத்தாழ நாற்பதாண்டு முந்திக்கொண்டனர் எனலாம்.

எனினும் ஓயாமாவின் ஐயம் தீர்ந்தபாடில்லை. பிழை நேர்ந்தால் கடிந்துரை கேட்கவேண்டிய இவ்விடத்திற்கு அவர்கள் ஏன் நாள்தோறும் விரும்பி வருகின்றனர்? காப்பகத்தில் இருந்தால் உணவும் ஓய்வும் கிடைக்குமே! ஒரு நாள் நீத்தார் பொருட்டு நிகழ்ந்த வழிபாட்டில் தம் அருகில் அமர்ந்திருந்த பௌத்தத் துறவியிடம் இதனை வினவினார். மக்கள் அடையும் பேரின்பங்கள் நான்கு என்று துறவி விடையிறுத்தார்: அன்பு செய்யப்பெறுதல், பாராட்டப்பெறுதல், பிறர்க்குப் பயன்படுதல், பிறரால் வேண்டப்படுதல் என்பன அவை. முதலாவது வீட்டிலோ காப்பகத்திலோ கிடைக்கலாம். ஏனைய மூன்றும் வேலை செய்வதால் வருவன என்றார். அவ்விடை ஓயாமாவின் நெஞ்சில் ஊன்றிவிட்டது. இத்தகையோரை மேலும் பலராகச் சேர்த்துக்கொள்ளத் துணிந்தார்.

துணிவு வேறு, வேலை நடத்தல் வேறு. சீட்டு ஒட்டுவோர் சிலர் போதும். சுண்ணக்கட்டி செய்தலோ பல பொருள்களை அளவறிந்து நிறுத்துக் கலந்து பிசைதலில் தொடங்குவது. தராசின் எண்களைப் படிக்கத் தெரிந்தால் அன்றோ நிறுக்கலாம்? எத்துணை முறை சொல்லிக் கொடுத்தும் எண்கள் சிலர் நினைவில் நில்லாது நழுவின. கற்பித்தவர்க்குச் சோர்வும் கற்றவர்க்குக் கலக்கமுமே மிஞ்சின. அந்நிலையில் ஓயாமாவுக்கு ஒன்று தோன்றியது. இவர்கள் வீட்டிலிருந்து தொழிலகத்திற்குத் தாமே நடந்து வருகின்றனர். வழியிற் சாலைகளைக் கடக்கின்றனர். சிவப்பு விளக்கு எரியுங்கால் நின்று, விளக்கு மாறியபின் செல்கின்றனர். ஒரு நாளும் தவறியதில்லை. ஆதலின் எண் தெரியாவிடினும் நிறம் தெரியும்!

உடனே பொருள்களை நிறமிட்ட கலங்களில் இடச் செய்தார். சிவப்புக் கலத்துப் பொருளுக்குச் சிவப்பு எடைக்கல், நீலக் கலத்துப் பொருளுக்கு நீல எடைக்கல். தராசில் உரிய கல்லை வைத்து, முள் நடுவில் நிற்குமளவும் பொருளை இட்டால் போதும். எண்ணைப் படிக்க வேண்டுவதில்லை. நேற்றுவரை இயலாது எனக் கருதப்பட்ட வேலை அன்றுமுதல் செவ்வனே நடைபெற்றது. பிசையும் பொறியை இத்துணை நேரம் ஓட்டவேண்டும் என்ற கணக்கு உண்டு. கடிகாரம் பார்க்க அறியாதோர் பொறியை முடுக்கியவுடன் மணற்கடிகை ஒன்றைத் திருப்பி வைத்தனர். மணல் முழுதும் இறங்கியதும் பொறியை நிறுத்தினர். கட்டியின் பருமனை அளக்கும் நுண்கருவிக்கு மாற்றாக இரண்டு பிளவுகள் கொண்ட எளிய கருவி செய்யப்பெற்றது. கட்டி ஒரு பிளவிற் புகவேண்டும், மற்றதிற் புகலாகாது. புகுந்தால் மெலிது, முன்னதிற் புகாவிடின் தடிது. இதனை அறிய நூலறிவு வேண்டுமோ?

முறுக்குப் பிழிவதுபோலப் பொறியினின்று வெண்மையான நீண்ட குச்சிகள் இறங்கி வரும். அவற்றுள் வளைந்தனவும் காற்றுக் குமிழி உடையனவும் நொடிப்பொழுதிற் களையப்படல் வேண்டும். பலமணி நேரம் ஒன்றனையே உற்று நோக்கும் இவ்வேலையில் நம்மனோர் பலர் சலிப்படைவர். அங்குள்ளோரோ சலியாது செய்கின்றனர். செயலுக்கு ஏற்ற ஆளைத் தெரிந்து அமர்த்தும் திறத்தைத் திருக்குறள் 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரத்தில் விளக்குகின்றது. ஓயாமா அவ்வழியை மறுதலையாகவும் கண்டார். ஆளுக்கு ஏற்றவாறு செயலைத் திருத்தினார்.

இஃது அறச்சாலையோ என்று வினவுவார் உளர். சுண்ணக்கட்டி எழுதும்போது ஒடிந்தால் எந்தப் பள்ளியும் இரக்கம் கருதி அதனை மறுபடியும் வாங்காது. காற்றில் எளிதிற் பறவாத தூளுடையது என்பதனாலேயே இத்தொழிலகத்தின் கட்டி விலைபோகின்றது. ஹொக்கைடோத் தீவிற் குவியும் கடற்சிப்பி ஓடுகளின் பொடியும் பின்னாளில் அதனிற் சேர்க்கப்பெற்றது. உழைப்போர் பெறுவது ஊதியம். அதனைப் பெற்றுச் சென்று வீட்டில் தாயின் கையிற் கொடுக்கும் மகனது நடையே வேறாக இருக்கும் என்பதை ஈன்றோர் அறிவர்.

1975ஆம் ஆண்டில் கவாசாக்கித் தொழிலகம் கட்டப்பெற்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஜப்பானிற் பள்ளிச் சிறுவர் தொகை குறைந்தது. கரும்பலகை இருந்த இடங்களில் வெண்பலகைகளும் மின்திரைகளும் வந்தன. கட்டி விற்பனை தளர்ந்தால் வேலை இழப்போர் யாவர் என்பது சொல்லாமலே விளங்கும். ஆகவே கண்ணாடியின்மேல் எழுதி ஈரத்துணியால் துடைக்கத்தக்க வண்ணக்கோல் ஒன்றை இந்நிறுவனத்தார் புதிதாக ஆக்கினர். கிட்பாஸ் என்பது அதன் பெயர். சன்னற் கண்ணாடியிற் படம் வரைந்து மகிழும் குழந்தைகள் இன்று அதனை வாங்குகின்றனர்.

ஓயாமா 2019ஆம் ஆண்டில் மறைந்தார். இரண்டு வாரத்திற்கென்று வந்து சீட்டு ஒட்டிய அவ்விரு சிறுமியருள் ஒருவர், நெடுங்காலம் அத்தொழிலகத்திலேயே பணியாற்றினார்.